பேண்ட் ஷாப்பின் ஓனர்

கார் பம்பர்கள் பெயிண்ட் அடிக்கப்பட்டு வெளியே வரும் இடத்தில், கண் கூசும் வெள்ளை விளக்குகளுக்குக் கீழே நிற்பவன் இசக்கிபாண்டி. அவன் வேலை, பார்ப்பது. அவ்வளவுதான். பெயிண்டுக்குள் கடுகில் கால்வாசி தூசி மாட்டியிருந்தாலும் அவன் விரல் போய் அதன் மேல் நிற்கும். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து டிப்ளமா முடித்த கையோடு ஒரகடத்துக்கு வந்து, சிங்கப்பெருமாள் கோவிலில் அறை எடுத்துத் தங்கியவன். அதிகம் பேச மாட்டான். லைனில் எல்லாரும் அவனைக் கழுகு என்பார்கள். பேசாதவனுக்கு ஒரு பட்டப்பெயர் கிடைப்பது பெரிய காரியம். அதை நினைத்துக்கொண்டால் இரண்டாவது ஷிப்டின் கடைசி நேரம்கூட அவனுக்கு ஓடிவிடும்.

விமலுக்குப் பட்டப்பெயர் தேவைப்படவில்லை. பக்கத்து வடக்குப்பட்டுக்காரன், அதே லைனில் பம்பர் மாட்டுகிறவன், இசக்கிக்கு ஒரு வருஷம் ஜூனியர். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி தொடங்கி எல்லாருக்கும் அவன் 'நம்ம விமல்'. கேண்டீனில் அவன் தட்டுக்கு மட்டும் கேட்காமலே இரண்டாவது அப்பளம் வரும். சட்டைக் கையை அவன் இரண்டு மடிப்பு மடித்துவிடுவது ஒரு அழகு. இசக்கி அறைக் கண்ணாடி முன்னால் அதே மாதிரி மடித்துப் பார்த்து, யாரோ பார்த்துவிட்டது போல அவசரமாக இறக்கிவிட்டிருக்கிறான். 'நம்ம இசக்கி' என்று யாரும் சொல்லி அவன் கேட்டதில்லை.

2011இல் கம்பெனிக்குப் புது சர்வர் ஒன்று வந்தது. போட்டோ, செக்லிஸ்ட், ரிப்போர்ட் எதுவும் இனிமேல் பென்டிரைவில் அலையக் கூடாது, ஒவ்வொரு ஷாப்புக்கும் சர்வரில் ஒரு சைட், எல்லாரும் அங்கேதான் போட வேண்டும், அங்கேதான் பார்க்க வேண்டும் என்றார்கள். காலை மீட்டிங்கில் குவாலிட்டி மேனேஜர் நரசிம்மன் அறிவித்தார்.

"நம்ம பெயிண்ட் ஷாப்புக்கும் ஒரு சைட் ஒதுக்கியிருக்காங்கப்பா."

"எத்தினி சென்ட்டு சார்? பட்டா உண்டா?" என்றான் விமல்.

கூட்டம் சிரித்து ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. சுற்றிலும் வேலிக்கல் நட்டு மனை விற்றுக்கொண்டிருந்த காலம் அது.

"பட்டா இல்ல, ஆனா ஓனர் உண்டு," நரசிம்மனும் சிரித்தார். "சைட்டுக்கு ஓனர்னு ஒருத்தர் பேரைப் போடணும். அவருக்கு இனிமே ஜெனரல் ஷிப்ட், ஆபீஸ்ல சீட். யார் பண்றீங்க?"

இசக்கிக்குக் காது சூடேறியது. இரண்டு வருஷமாகப் பெயிண்ட் ஷாப்பின் குறைகளையெல்லாம் போட்டோ எடுத்து, பெயர் வைத்து, அடுக்கி வைத்திருப்பவன் அவன். ராத்திரி ஷிப்ட் முடிந்து பகலில் தகரக் கூரைக்குக் கீழே புரண்டு புரண்டு படுக்கிறவனுக்கு ஜெனரல் ஷிப்ட் என்பது வெறும் சீட் இல்லை, ராத்திரித் தூக்கம். சார் தன் பெயரைச் சொல்வார் என்று தலையைக் குனிந்து ஷூவைப் பார்த்தபடி காத்திருந்தான். நிமிர்ந்தபோது விமலின் கை மேலே இருந்தது.

"எங்க ஊரு நெலம் பூரா கம்பெனி ஆயிடுச்சு சார். திரும்பி ஒருக்கா ஓனர் ஆயிக்கிறேனே."

"சரிப்பா, நீயே ஆயிக்கோ. இசக்கி, நீ அவனுக்கு ஹெல்ப் பண்ணு."

அன்றைக்கு அறைக்கு வந்தவனை, கூடத் தங்கியிருக்கும் கொம்பையா பார்த்த பார்வையிலேயே பிடித்துவிட்டான்.

"என்னல, மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல. சைட்டு அவனுக்குப் போயிட்டு."

"நீ கேட்டியால?"

"கேக்கணுமாக்கும்? அவருக்குத் தெரியாதா?"

"வெளங்கிரும்," என்று சொல்லிவிட்டுக் கொம்பையா கைலியை உதறிக் கட்டினான்.

மறுநாள் ஐடி அறை. வினோதினி சைட் திறக்கும் பக்கத்தை எடுத்துக் கொடுத்தாள். விமல் நாற்காலியில் உட்கார்ந்தான். உதவியாளனாகிய இசக்கி பின்னால் நின்றான். திரையில் மூன்று கட்டங்கள்: சைட்டின் தலைப்பு, முகவரி, ஓனர்.

"தலைப்பை எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம்," என்றாள் வினோதினி. "அட்ரஸ் போட்டா போட்டதுதான். தப்பாப் போச்சுன்னா மொத்தத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து வரணும். பார்த்துப் போடுங்க அண்ணா."

"நம்மளுக்கு அட்ரஸ்ஸு முக்கியம்மா. அட்ரஸ் இல்லாதவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இசக்கியிடம் அவள் இதுவரை பேசியதெல்லாம் 'பாஸ்வேர்டு மறந்துட்டீங்களா' என்பது மட்டும்தான். விமல் அவள் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில் தட்டினான். அதற்குள் போன் அடிக்க, அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"பெயிண்ட் ஷாப். கரீட்டா?" விமல் திரும்பிப் பார்த்தான். "நீ ஒரு தபா பாரு மச்சி. உன் கண்ணுல தப்பினா எவன் கண்ணுலயும் மாட்டாது."

இசக்கி குனிந்தான். குனிவதற்கு முன்பே அது தெரிந்துவிட்டது. பி, ஏ, அதற்கப்புறம் நேராக என், டி. நடுவில் வர வேண்டிய 'ஐ' விழவில்லை. பெயிண்ட் ஷாப் அல்ல, பேண்ட் ஷாப். வெள்ளைப் பம்பரில் கருந்தூசி மாதிரி அந்த இடம் அவனைப் பார்த்தது. விரல் தானாகக் கொஞ்சம் எழும்பியது. கீழே மூன்றாவது கட்டத்தில், ஓனர் என்ற இடத்தில், விமலின் பெயர் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் இருந்தது.

"சரியாத்தான் இருக்கு," என்றான். விரலைச் சட்டைப் பித்தான் பக்கம் கொண்டுபோனான்.

அன்று மாலையே அவனுக்கு மெயில் வந்தது. விமல் உங்களைத் தன் சைட்டில் உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார், வருக என்று சர்வர் தானாக அனுப்பும் கடிதம். அவன் எடுத்த போட்டோக்கள் போய் உட்காரப் போகிற இடத்துக்கு விமல் வரவேற்கிறானாம். வயிறு எரிந்தது. ஆனாலும் அந்த எரிச்சலுக்குள் ஒரு குளிர்ச்சியும் இருந்தது. தொழிற்சாலைத் தலைவர் வந்து சைட்டைத் திறந்து வைக்கட்டும், அன்றைக்குத் தெரியும். சைட் அழியும், சீட் தன் பக்கம் வரும். போட்டோக்களையெல்லாம் அவன் முணுமுணுக்காமல் ஏற்றிக் கொடுத்தான். எல்லாவற்றுக்கும் தன் அறையில் நகல் வைத்துக்கொண்டான்.

திறப்பு நாளில் பெரிய திரை கட்டி, தொழிற்சாலைத் தலைவர் முன் வரிசையில் உட்கார்ந்தார். முகவரி திரையில் ஆளுயரத்துக்கு விரிந்தது. அவர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுத் தலையைச் சாய்த்தார்.

"பேண்ட் ஷாப்?"

நரசிம்மன் முகம் வெளிறியது. இசக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டான். விமல் தன் தலையில் ஒரு போடு போட்டுக்கொண்டு எழுந்தான்.

"சார், ஒரு எழுத்து முழுங்கிட்டேன். பம்பருக்கு நாங்கதான் சார் பேண்ட்டு மாட்டி அனுப்பறோம். அம்மணமா எப்டி சார் வுடறது?"

தலைவர் வெடித்துச் சிரித்தார். அவர் சிரித்ததும் அறை முழுக்கச் சிரித்தது. "மாத்தாதீங்க," என்றார். "மத்த ஷாப் அட்ரஸ் எதுவும் எனக்கு ஞாபகமில்ல. இது சாகிற வரைக்கும் மறக்காது." ஒரு வாரத்துக்குள் அசெம்பிளி ஆட்கள், ஸ்டோர் ஆட்கள், சம்பந்தமே இல்லாத ஆட்கள்கூட அந்த முகவரியைத் தட்டிச் சிரித்துவிட்டு, வந்ததற்கு இரண்டு ரிப்போர்ட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லா சைட்டிலும் கூட்டம் அதிகம் விமலின் சைட்டில்தான்.

அதையும் இசக்கி தாங்கிக்கொண்டிருப்பான். நரசிம்மன் விளையாட்டாகக் கேட்டதுதான் வினையாயிற்று.

"ஏம்மா, போடும்போது யாரும் பார்க்கலையா?"

"இசக்கி அண்ணாகிட்ட காட்டினோமே சார்," என்றாள் வினோதினி வெள்ளந்தியாக. "அவர் சரின்னு சொன்னார்."

நரசிம்மன் திரும்பிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீ பார்த்தியா? உனக்குத் தெரியலையா?"

தெரிந்தது என்றால் பொறாமைக்காரன். தெரியவில்லை என்றால் கழுகு இல்லை.

"கவனிக்கலை சார்."

"கண்ணு முன்னால நிக்கிற எழுத்துப்பா. தூசி பார்க்கிற ஆளுக்கு இதே தெரியலைன்னா நான் எதை நம்பி பம்பரை அனுப்புறது? போய்க் கண்ணை டெஸ்ட் பண்ணிட்டு வா. ரிப்போர்ட் வர வரைக்கும் நீ லைன்ல நிக்க வேணாம்."

மருத்துவ அறைக்கு விமலும் கூட வந்தான். வேண்டாம் என்றாலும் வந்தான். "பயந்துக்காத மச்சி. தூக்கங் கெட்டா கண்ணு அப்டித்தான் பூத்துக்கினு வரும். எங்க அத்தைக்கு இப்டித்தான்," என்று வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தான். அவன் அக்கறையின் ஒவ்வொரு சொல்லும் இசக்கியின் மேல் காய்ச்சிய ஈயச் சொட்டாக விழுந்தது.

எழுத்துப் பலகைக்கு முன்னால் நிற்கும்போது ஒரு கணம் யோசித்தான். கடைசி வரியில் தடுமாறினால் அன்றைக்குச் சொன்னது உண்மையாகிவிடும். ஆனால் விளக்குக்குக் கீழே நிற்கும் வேலை போய்விடும். நர்ஸ் சுட்டிய எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை, பொடி எழுத்துகள் வரை, தங்குதடையில்லாமல் வாசித்தான். திரைத்துணிக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்த விமலின் குரல் பாதியில் நின்றது.

நர்ஸ் தாளைக் கொடுத்ததும் விமல் வாங்கிப் பார்த்தான்.

"கண்ணு நல்லாத்தான் கீது." தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்ப பாத்துக்கினுதான் இருந்த."

இசக்கி சுவரைப் பார்த்தான்.

"இன்னாத்துக்குடா?"

"அந்தச் சீட்டு எனக்கு வர வேண்டியது." இசக்கி திரும்பினான். "ரெண்டு வருசமா எல்லாம் நான் செஞ்சது."

"அத்த எங்கிட்ட சொல்ல வாய் இல்லியா ஒனக்கு? கைய எறக்கிட்டுப் போயிருப்பேனே நானு." விமல் தாளை இரண்டாக மடித்தான். "நான் குடுத்துக்கறேன் சாராண்ட."

ஆபீஸ் கண்ணாடிக்கு வெளியே இசக்கி நின்றான். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"கண்ணுல ஒண்ணும் இல்ல சார். மூணு நாளு விடாம ஓ.டி. பாத்துக்கினு இருந்தான், அசதி. நாந்தான் அவசரப்படுத்துனேன். தப்பு என்னுதுதான் சார்."

நரசிம்மன் ரிப்போர்ட்டைப் பார்த்தார். விமலைப் பார்த்தார். எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டு, "நல்ல பையன்டா நீ," என்றார்.

இசக்கிக்குத் தான் தப்பித்தது அப்புறம்தான் உறைத்தது. முதலில் அவன் கண்ணுக்குத் தெரிந்தது அந்தக் கைதான். விமலின் தோளில், மடித்த சட்டைக் கைக்குச் சற்று மேலே, அது எடுக்கப்படாமல் இருந்தது. அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.