மிர்யமக்கா காவல் நிண்ட பூசணிக்காய்

எலும்பு முறியிற சத்தம் வெளியில கேக்குமெண்டு எனக்கு அண்டைக்கு வரைக்கும் தெரியாது. கண்ணாடிக் கதவுக்கு இஞ்சால, கையில லட்டுத் தட்டோட நிண்ட எனக்கே கேட்டது. என்ர அம்மாளே, இப்ப நினைச்சாலும் உடம்பெல்லாம் கூசுது.

மிர்யமக்காவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்லேலாது. பேர்லினில, நொய்கெல்னில எங்கட கட்டிடத்தில மூண்டாம் மாடியில இருந்தவ. நாங்கள் முதலாம் மாடி. லிஃப்ட் இல்லாத பழைய கட்டிடம். முப்பத்தொரு வருசம் பஸ் ஓடி ஓய்வெடுத்த மனுசி, அறுபத்தெட்டு வயது, தனி ஆள். டொச் பாசையில 'பிராவ் சலமோன்', திருமதி சலமோன் எண்டுதான் கூப்பிடுவன். ஆனா எங்கட வீட்டுக்குள்ள அவவுக்குப் பேர் மிர்யமக்கா. யூத மனுசி. பெரிய பக்தி எண்டும் சொல்லேலாது. தங்கட கோயிலுக்கு வருசத்தில ரெண்டு மூண்டு தரம் போவா. வெள்ளி பொழுதுபட முந்தி ரெண்டு மெழுகுதிரி கொழுத்துவா. அவ்வளவுதான்.

ஆனா ஒரு விசயத்தில மட்டும் சரியான கரைச்சல் பிடிச்ச ஆள். வீட்டில ஒரு கிளாஸ் உடைஞ்சா, அதைப் பேப்பரில மூண்டு சுத்துச் சுத்தி, பழைய தகர டின்னுக்குள்ள வைச்சு, டேப் ஒட்டி, மேல பெரிய எழுத்தில 'கண்ணாடி' எண்டு எழுதித்தான் குப்பையில போடுவா. குப்பை அள்ள வாறவனுக்குக் கை வெட்டக்கூடாதாம். யன்னல் பூச்சட்டி எல்லாத்துக்கும் கம்பி கட்டு. ஐஸ் விழுந்த காலையில, வீட்டுக்காரன்ர ஆக்கள் வரமுந்தி அவதான் வாசல் படியில மண் தூவிக்கொண்டு நிப்பா.

"உங்களுக்கென்ன விசரோ? இது உங்கட வேலையோ?" எண்டு ஒருக்கால் கேட்டன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், தெரியுந்தானே.

அவ சிரிச்சா. "எங்கட யூதச் சட்டத்தில, புது வீடு கட்டினா மொட்டைமாடிக்குச் சுவர் வைக்கவேணும். ஆரும் விழுந்தாப் பிறகில்லை, விழமுந்தி" எண்டா. "பொதுப் பாதையில குழி வெட்டினா வெட்டினவன்தான் பொறுப்பு. விழுந்தவனைப் பாத்து, உனக்குக் கண் இல்லையோ எண்டு கேக்கேலாது."

நானும் "ஓம் ஓம்" எண்டிட்டு வந்திட்டன். இந்தக் காதால கேட்டு அந்தக் காதால விட்டாச்சு.

பிறகு நாங்கள் கீழ்த்தளத்தில கடை போட்டம். பதினாறு வருசம் நான் ஒபிஸ் துடைச்சு, என்ர மனிசன் தபோதரன் ரெஸ்டோரண்டில கோப்பை கழுவிக் கண்ட கனவு. அரிசி, மா, மரக்கறி, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கிற கடை. திறப்புவிழாவுக்கு வெள்ளிக்கிழமை நல்ல நாளெண்டு ஐயர் குறிச்சுத் தந்தார். அது ஒக்டோபர் முப்பத்தோராம் திகதி. அண்டைக்கு ஹலோவீன், பிள்ளையள் பேய் வேசம் போட்டுச் சேட்டை விடுற நாள் எண்டது எங்களுக்கு நினைவே இல்லை.

காலமை பத்து மணிக்குப் பூசை முடிஞ்சுது. தபோதரன் நீற்றுப்பூசணிக்காயை வெட்டி, உள்ளுக்குக் குங்குமம் கொட்டி, கற்பூரம் காட்டி, கடைவாசல் நடைபாதையில ஓங்கி அடிச்சார். நல்லாச் சிதறிச்சுது. ஆரின்ர கண்ணூறும் படக்கூடாதெண்டு ரெண்டு பேரும் கும்பிட்டம். எனக்குக் கண் கலங்கிப் போச்சு.

கொஞ்ச நேரத்தால மிர்யமக்கா கீழ வந்தா. நடைபாதை முழுக்கச் சிவப்பு. மனுசிக்கு முகம் வெளிறிப் போச்சு. "கலா! ஆருக்கு என்ன?" எண்டு கத்தினா. நான் சிரிச்சுச் சிரிச்சு விளங்கப்படுத்தினன். விளங்கினதும் அவ கேட்ட முதல் கேள்வி, "விளக்குமாறு எங்க?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. திறப்புவிழாவும் அதுவுமா! "அள்ளக்கூடாது. பொழுதுபடும் வரைக்கும் அப்பிடியே கிடக்கவேணும். அள்ளினாக் கழிச்ச கண்ணூறு திரும்பக் கடைக்குள்ள வந்திடும்" எண்டன்.

"மழை தூறுது கலா. சளி மாதிரி வழுக்குது. நான் அள்ளட்டோ?"

"தொடாதேங்கோ!" எண்டு கொஞ்சம் பலமாத்தான் சொன்னன். வந்த சனமெல்லாம் திரும்பிப் பாத்தது.

அவ மேல போய்ச் சப்பாத்தும் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு வந்து, அந்தப் பூசணிக்காய்க்குப் பக்கத்தில நிண்டா. வாற போற ஆக்களை, "கவனம், இஞ்சால வாங்கோ, வழுக்கும்" எண்டு ஒதுக்கி ஒதுக்கி விட்டா. பதினொரு மணி, பன்னிரண்டு மணி, ஒரு மணி. தபோதரன் வந்து, "இந்த மனுசி வாற சனத்தையெல்லாம் கலைக்குதப்பா" எண்டு புறுபுறுத்தார். நிண்டா நிக்கட்டும் எண்டு விட்டிட்டன். ஒரு கதிரை குடுத்தனோ? இல்லை. ஒரு தேத்தண்ணி? அதுவும் இல்லை. எனக்கு அவ்வளவு கோவம்.

ரெண்டு மணியிருக்கும். பிள்ளைவண்டி தள்ளிக்கொண்டு ஒரு பொம்பிளை போனில கதைச்சபடி விறுவிறெண்டு வந்தா. மிர்யமக்கா சொன்னது அவவுக்குக் கேக்கேல்ல. வண்டி நேர பூசணிக்காய்க்குப் போகுது. மிர்யமக்கா பாஞ்சு வண்டியைப் பிடிச்சுத் தள்ளிவிட்டா. வண்டி தப்பிச்சுது. அவவின்ர கால் வழுக்கிச்சுது.

அந்தச் சத்தம்.

அம்புலன்ஸ் வந்தது, பின்னால பொலிஸ் கார் வந்தது. மிர்யமக்கா நோவில பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தா. ஒரு பொலிஸ்காரி, இளம்பிள்ளை, நிலத்தைப் பாத்திட்டு, "ஹலோவீன் சேட்டையோ?" எண்டு கேட்டா.

தபோதரன் உடன, "ஓம் ஓம், பிள்ளையள்" எண்டார். டொச்சில ஒரு வசனம் சேத்துக் கதைக்கத் தடக்குற மனிசன், அண்டைக்கு ஒரு தடக்கல் இல்லை. நானோ? நான் லட்டுத் தட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். வாயே திறக்கேல்ல. பொலிஸ் போன அடுத்த நிமிசம், கண்ணூறு கடைக்குள்ள வந்திடுமெண்ட பயமொண்டும் இல்லாமல், ரெண்டு பேருமாச் சேந்து தும்புத்தடி போட்டுக் கூட்டி அள்ளினம். ஐஞ்சு நிமிசம்கூடச் செல்லேல்ல. ஐஞ்சு நிமிசம்!

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனன். அவ பொலிசுக்குச் சொல்லியிருப்பா, என்னைக் கண்டோன்ன கிழி கிழி எண்டு கிழிப்பா எண்டு பயந்து பயந்துதான் போனன். கதவைத் திறக்க அவ என்ர முகத்தைப் பாத்தா.

"கலா, நீங்கள் என்னை மன்னிக்கவேணும்."

நான் மருந்து மயக்கத்தில கதைக்கிறா எண்டு நினைச்சன்.

"கண்டவுடன நான் அள்ளியிருக்கவேணும். உங்களிட்டக் கேட்டுக்கொண்டு நிண்டது என்ர பிழை. நீங்கள் கோவிப்பியளெண்டு பயந்திட்டன். அதால உங்கட வாசலில ஒரு ஆள் விழுந்ததாப் போச்சு. நல்ல நாளில உங்களுக்கு அந்தப் பாரத்தை வைச்சிட்டன்."

இடுப்பு முறிஞ்சு கிடக்கிறது அவ. மன்னிப்புக் கேக்கிறதும் அவ! இப்பிடியும் ஒரு மனுசியோ? நான் இருக்கேலாமல், பொலிசுக்கு நாங்கள் என்ன சொன்னனாங்கள் எண்டதையும் கொட்டிப் போட்டன். அப்பதான் அவவின்ர முகம் மாறிச்சுது.

"பிள்ளையளோ? எந்தப் பிள்ளையள்? பக்கத்துப் பள்ளிக்கூடத்தில போய் விசாரிச்சா என்ன செய்யிறது?"

எனக்கு அது யோசனையிலயே வரேல்ல. கடவுளே, சத்தியமா வரேல்ல. மனுசியை விழுத்தினது காணாதெண்டு பழியையும் ஊர்ப் பிள்ளையளின்ர தலையில கட்டியிருக்கிறம். இடுப்பு எலும்பு முறிஞ்சு கிடக்கிற மனுசிக்கு அது விளங்குது, ரெண்டு பிள்ளை பெத்து வளத்த எனக்கு விளங்கேல்ல.

ஆஸ்பத்திரியிலயிருந்து நேர பொலிசுக்குப் போனன். தபோதரன் போனில, "உனக்கு விசரோடி, கடையை மூடவோ போறாய்" எண்டு கத்தினார். கட் பண்ணிட்டன். அந்தப் பூசணிக்காய் எங்கடதான், அள்ள வந்தவவை அள்ளவிடாமல் நிண்டது நான் எண்டு சொன்னன். அந்தப் பொலிஸ்காரி எழுதி முடிச்சுப்போட்டு என்னை நிமிந்து பாத்தா. அந்தப் பார்வையைவிட நாலு பேச்சு வாங்கியிருந்தாலும் காரியமில்லை.

கடையை ஒருத்தரும் மூடேல்ல. கடை நல்லாப் போகுது. எனக்கு அதுவே வெக்கமாயிருக்கு.

மிர்யமக்காவுக்கு ரெண்டு ஒப்பறேசன். படி ஏறவே கூடாதெண்டு டொக்டர் சொல்லிட்டார். இப்ப முதியோர் இல்லத்தில கீழ்த்தளத்தில ஒரு அறை. மூண்டாம் மாடியிலயிருந்து அவவின்ர சாமானெல்லாம் நானும் தபோதரனும்தான் இறக்கினம். தபோதரன் கடைசிப் பெட்டியை இறக்கி வைச்சிட்டுப் படியில குந்தியிருந்து அழுதார்.

நான் ஒவ்வொரு ஞாயிறும் போறன். போன கிழமை கையைப் பிடிச்சுக் கேட்டன். "அக்கா, ஒரு தரமாவது என்னை ஏசிப் பேசுங்கோவன். உங்கட இந்தப் பொறுமையை என்னால தாங்கேலாமல் கிடக்கு."

"நான் உங்களை எப்பவோ மன்னிச்சிட்டன் கலா. மனசார மன்னிச்சிட்டன்" எண்டா. சொல்லும்போதே அவவின்ர கண் நிறைஞ்சு வழிஞ்சுது. அவ அழுது நான் கண்டது அண்டைக்குத்தான்.

"ஆனா எனக்கு என்ர வீட்டுக்குப் போகவேணும்" எண்டா.