கடற்கரையில் சொன்ன சாட்சி

வரப்பில் நின்ற புளியமரம் யாருக்கு என்று பங்காளி முத்தையாவோடு மல்லுக்கட்டி, கடைசியில் சென்னை ஹைக்கோர்ட்டுக்கே போனேன். சாட்சி சொல்ல அனுமந்தன்பட்டித் தாய்மாமனையும் ரயிலேற்றிக் கூட்டிப்போனேன்.

என் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "இங்க சாட்சியே கேக்க மாட்டாங்க. கீழ்க்கோர்ட்டு சட்டப்படி தீர்த்துச்சான்னுதான் பாப்பாங்க!"

மாமனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இம்புட்டுத் தூரம் வந்துட்டு வாயத் தெறக்காமப் போறதா?" என்று, வழக்குக்கு வந்திருந்த முத்தையாவையும் என்னையும் கடற்கரைக்கு இழுத்துப்போய் நிறுத்தி, குச்சனூர்ச் சனீஸ்வரன்மேல் சத்தியம் செய்து முழங்கினார். "மரத்த நட்டது இவன் அப்பன். தண்ணி ஊத்துனது முத்தையா அப்பன். ரெண்டு பேருஞ் சேந்துதான் புளி உலுக்குனாக!"

முன்சீப் கோர்ட்டில் இதை யாரும் அவரிடம் கேட்கவே இல்லையாம்! முத்தையா சிரித்துவிட்டான், எனக்கும் அடக்க முடியவில்லை.

எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தபோது, இருவரும் சேர்ந்தே புளி உலுக்கப் போனோம். "ஏலே, செயிச்சவன் நீதான ஏறணும்?" என்றான் முத்தையா.

ஏறினேன். உச்சியிலிருந்து பார்த்தால் எது யார் தோட்டமென்றே தெரியவில்லை.