கட்சுராவில் தெரியாமல் போன கல்விளக்கு

விநாயகமூர்த்தி ஒக்லாந்தின் ஒனிஹங்காவில் குடியிருந்தவர். அந்த நியூசிலாந்து நகரில் பத்தொன்பது வருடம் பஸ் ஓட்டினார். மழைக்கு ஒதுங்கிய நூலகத்தில் ஒருநாள் யப்பானிய அரச மாளிகைகளின் படப்புத்தகம் ஒன்று கையில் அகப்பட்டது. அன்று பிடித்த பைத்தியம். எந்தத் தோட்டத்துக் குளத்தில் எத்தனை பாலம், எந்தக் கரையில் கல்விளக்கு என்பது அவர் மனைவி ரதிதேவிக்கும் பாடமாகிவிட்டது.

யப்பான் போக டிக்கெட் எடுத்த வருடம் சில விஷயங்கள் சரியில்லை. மார்ச்சில் பஸ்ஸின் இடப்பக்கக் கண்ணாடி கம்பத்தில் உரசியது. மே மாதம் சைக்கிளில் வந்த இளம்பெண் ஒருத்தி, அடுத்த தரிப்பில் பஸ் கதவைத் தட்டினாள். "நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை" என்றாள். வீட்டில் அவர் அதைச் சொல்லவில்லை. மேசையில் இடப்பக்கம் வைத்த தேநீர்க் கோப்பைகள் அடிக்கடி கைபட்டு விழுந்தன.

நவம்பரில் கியோத்தோவுக்குப் போனார்கள். அங்குள்ள கட்சுரா அரச மாளிகைக்கு அனுமதி கிடைத்திருந்தது. வழிகாட்டி முன்னே நடந்தார்; காவலர் ஒருவர் பேச்சில்லாமல் கடைசியில் வந்தார். வானம் மூடியிருந்தது, குளம் கறுத்துக் கிடந்தது. பாசிக்கு நடுவே கோணல்மாணலாக நடைகற்கள். போகக்கூடாத கிளைப்பாதை ஒவ்வொன்றிலும் கறுப்புக் கயிறு கட்டிய சிறுகல் ஒன்று இருந்தது.

"இஞ்சாருங்கோ, நீங்கள் சொல்லுற கல்விளக்கு" என்றாள் ரதிதேவி.

"எங்க?"

"இடப்பக்கம். கிட்டத்தானே நிக்குது."

அவருக்குத் தண்ணீர்தான் தெரிந்தது. தலையை நன்றாகத் திருப்பினார். கூழாங்கல் முனையில் விளக்கு நின்றது. முகத்தை நேராக்கினார், விளக்கு இல்லை. மறுபடி திருப்பினார், இருந்தது. மூன்றாம் தரம் பார்த்தபோது கால் கல்லை விட்டு வழுக்கியது. காவலர் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

அதற்குப் பிறகு அவர் தோட்டத்தைப் பார்க்கவில்லை. நீலமும் வெள்ளையுமாகக் கட்டம்போட்ட தேநீர்மனையின் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு, காலையில் நடைபாதை ஓரம் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளை நினைத்தார்.

ஹோட்டல் அறைக்கு வந்ததும் சொன்னார்: "நான் இனி பஸ் ஓடக்கூடாது."

"களைப்பா இருக்கும்."

"இல்லை ரதி. மே மாதம் ஒரு பிள்ளையை அடிச்சிருப்பன். மயிரிழையில தப்பினவள்."

அவள் கட்டிலில் இருந்துவிட்டாள். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா டொக்டரிட்டப் போகச் சொல்லுவாய். இந்தப் பயணம் நிண்டுபோகும் எண்டு பயந்தனான்."

அவள் விளக்கை அணைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஒக்லாந்துக்குத் திரும்பியதும், கண் மருத்துவரிடம் போவதற்கு முதலே டிப்போவில் வேலையை விட்டார். கண் அழுத்த நோய். இடது கண்ணில் பார்வையின் பெரும்பகுதி போய்விட்டது. வலது கண்ணிலும் தொடங்கியிருந்தது. போனது திரும்பாது, சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பாற்றலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அந்தச் சைக்கிள் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு வாரம் காலையில் அதே தரிப்பில் போய் நின்றார். அவள் வரவில்லை.

இப்போது கியோத்தோவின் இன்னொரு அரச மாளிகையான ஷுகாகுயினுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். போடுவதற்கு முன், அடுத்த வருடம் போகலாமே என்று ரதிதேவி கேட்டாள்.

"இந்த வருசமே போவம்" என்றார் அவர். அவள் விண்ணப்பத்தில் தேதியை நிரப்பினாள்.