எலிகளை வைத்து நான் சொன்ன தீர்ப்பு

என் வாழ்நாளில் நான் பேசியதிலேயே கேவலமான பேச்சை இருபது வயதில் பேசினேன். பேசும்போது வெட்கமாக இல்லை, பெருமையாக இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அப்போது கீரனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் திருச்சிக்குப் போய் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். விலங்கியல் பாடம்; அந்தக் காலத்தில் அதற்கும் பி.ஏ. பட்டம்தான். எங்கள் உறவில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிர் எனக்கு எக்கச்சக்கமாக இருந்தது. குழம்பில் உப்பு குறைந்தால்கூட அதற்கு ஒரு விஞ்ஞான விளக்கம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவேன். அம்மா பாவம், "சரிப்பா" என்று உப்புச் சட்டியை எடுத்து வைப்பாள்.

ஒருநாள் எங்கள் புரொபசர், கப்பலில் வந்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்ததைச் சொன்னார். அங்கே சில ஆராய்ச்சிக்காரர்கள் எலிகளை ஒரே குடும்பத்துக்குள்ளேயே, அண்ணனையும் தங்கையையும் சேர்த்துச் சேர்த்து, பல தலைமுறை வளர்த்தார்களாம். சில குடும்பங்களில் பெட்டை எலிகளில் பெரும்பாலானவற்றுக்கு மார்பில் புற்றுக்கட்டி வந்ததாம். வேறு சில குடும்பங்களில் அநேகமாக வரவேயில்லையாம். அதற்கும் முன்னால் முயல் காதில் தாரைத் தடவித் தடவிப் புற்றை வரவழைத்துக் காட்டியிருந்தார்களாம். ஆகவே புற்று வெளியிலிருந்து வருகிறதா, பிறவியிலேயே வருகிறதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை என்றார். எனக்கு முயல் காதில் ஏறவில்லை. எலிகளை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அப்பாவின் தங்கை, என் அத்தை, நார்த்தாமலையில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அவருக்கு ஒரே மகள். எனக்கு முறைப்பெண். அவளுக்கு நான்தான் என்று சிறு வயதிலேயே இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தார்கள். அந்த வருஷம் அத்தைக்கு இடது மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தென்பட்டது. புதுக்கோட்டையில் பார்த்த டாக்டர், புற்று மாதிரி தெரிகிறது, தாமதிக்காமல் மெட்ராஸுக்குப் போய் அறுத்து எடுத்தால் பிழைக்க வழியிருக்கிறது என்றார். அத்தை தைரியசாலி. சரி என்றுவிட்டார். புறப்படுவதற்குள் எனக்கும் அவர் மகளுக்கும் பரிசம் போட்டுவிட வேண்டும், அது ஒன்றுதான் அவர் கேட்டது.

வெற்றிலை பாக்கோடு மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அத்தையும் மாமாவும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அத்தை மகள் அடுக்களை நிலையோரம் அம்மாவோடு நின்றாள்.

"கத்தி வைக்கப் போறாகண்ணே. திரும்பி வாரேனோ என்னமோ. எம்புள்ளைக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போயிர்றேன்," என்றார் அத்தை.

அப்பா என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தேன். வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறையில் பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குக் கட்டம், நோய்க்கு மை என்று ராத்திரியே போட்டு வைத்திருந்தேன். உச்சியில் அத்தை, மை தீட்டிய வட்டம். கீழே அவர் மகள், பாதி மை. பக்கத்தில் நான், வெள்ளை வெளேரென்று ஒரு கட்டம். அதற்கும் கீழே எங்களுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கெல்லாம் மை. எலிக் கதையையும் சொல்லி, இந்த நோய் ரத்தத்தில் ஓடுவது, விஞ்ஞானம் கண்டுபிடித்துவிட்டது, அதனால் இந்தச் சம்பந்தம் ஆகாது என்று முடித்தேன்.

நோய்க்குப் பயந்தேனா என்றால், கொஞ்சம் பயந்தேன். ஆனால் உள்ளே இருந்தது வேறு. அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். காலேஜ் படித்த எனக்கு அவள் போதாது என்ற நினைப்பு. அதை வாய்விட்டுச் சொல்லத் துப்பில்லை. எலிகள் வந்து கைகொடுத்தன.

அத்தை தாளை வாங்கிப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்.

"இதுல நான் எது மருமகனே?"

"மேல இருக்கிற வட்டம் அத்தை."

"எனக்கு மேல ஒண்ணையும் காணமே. எங்கப்பன் ஆத்தா எங்க? ஒங்கப்பனும் நானும் ஒரு வயித்துலதானே பொறந்தோம். இது ரத்தத்துல ஓடுறதுன்னா ஒங்க வீட்டுப் பக்கமும்ல ஓடியிருக்கணும்?"

நான் வாயடைத்துப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

"நீங்கதான் வேற வீட்டுக்குப் போயிட்டீங்கள்ல அத்தை," என்றேன்.

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புகுந்த வீட்டுக் குலசாமிதான் சாமி. பிறந்த வீட்டுக் கோயிலில் அவளுக்குப் பங்கு கிடையாது. அதை அப்படியே ரத்தத்துக்கும் சேர்த்துவிட்டேன். தாலி ஏறிய அன்றே அத்தையின் ரத்தமும் நார்த்தாமலை ரத்தமாகிவிட்டதாம். விலங்கியல் படித்தவனின் லட்சணம் இது. அதைவிடக் கொடுமை, கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா, "அதுவும் சரிதானே," என்றார். அத்தை தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மெட்ராஸுக்கு அழைத்துப்போக அடுத்த வாரம் அப்பா நார்த்தாமலைக்குப் போனார். தனியாகத் திரும்பி வந்தார். அத்தை வர மாட்டேன் என்றுவிட்டாராம். "மெட்ராஸுக்குப் போனா எதுக்குப் போனான்னு ஊரு தோண்டித் துருவும்ண்ணே. புத்துன்னு தெரிஞ்சா, ஒம்மகன் சொன்னதத்தான் நாளைக்கு எல்லாரும் சொல்லுவாக. அப்புறம் எம்புள்ளைய எவன் கட்டுவான்?" என்று கேட்டாராம். அப்பா இதை அம்மாவிடம் சொன்னபோது நான் அடுத்த அறையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து வந்து, நான் சொன்னது நிச்சயமில்லை, அத்தையை எப்படியாவது கூட்டிப் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தைப் புரட்டினேன். சீ, என்ன மனுஷன் நான்.

மூன்று மாதத்தில் அரிமளத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணத்தை முடித்தார் அத்தை. சந்தனப் பேலாவை வலது கையில் ஏந்தி வாசலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்றார். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்து, அதன்மேல் சேலையைச் சுற்றியிருந்தார். எனக்கும் சந்தனம் நீட்டினார். எடுத்துப் பூசிக்கொண்டு பந்திக்குப் போய்ச் சாப்பிட்டேன். அடுத்த பொங்கலுக்கு அத்தை இல்லை. வயிற்று நோவு என்று அரிமளத்துக்குச் சொல்லியனுப்பினார்கள்.

யுத்த காலத்தில் அதே காலேஜில் எனக்கு, மாணவர்களுக்குச் சோதனை செய்து காட்டுகிற டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டியபோது அந்த எலிகள் மறுபடி அகப்பட்டன. புற்று வருகிற குடும்பத்துக் குட்டிகளைப் பிறந்தவுடன் பிரித்து, புற்று வராத குடும்பத்துத் தாயிடம் பால் குடிக்க விட்டிருக்கிறார்கள். அந்தக் குட்டிகளுக்குப் புற்று வெகுவாகக் குறைந்துவிட்டதாம். அப்படியானால் எல்லாமே பிறவி இல்லை, தாய்ப்பாலிலும் ஏதோ இருந்திருக்கிறது. நான் தீர்ப்பாகச் சொன்னது அந்த எலிகளுக்கே முழு உண்மை இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸைப் பிடித்து அரிமளம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அத்தை மகள் முறத்தில் புளியைப் போட்டுக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நான்கு வயது மகள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது.

"வாங்க மச்சான். இங்கிட்டு நெழல்ல உக்காருங்க," என்றாள்.

உட்கார்ந்ததும் சொல்லத் தொடங்கிவிட்டேன். அன்றைக்குச் சொன்னது தப்பு, ரத்தம் மட்டும் இல்லையாம், பால் வழியாகவும் வருகிறதாம் என்று மளமளவென்று கொட்டினேன். அவள் கை நின்றது. மகளின் தலையை மெல்லத் தூக்கிப் பக்கத்தில் இருந்த துணியில் வைத்தாள்.

"பால்லயா? நான் எங்காத்தா பாலுதானே குடிச்சேன். இவ மூணு வயசு வரைக்கும் எம்பால விடலையே மச்சான். இவளுக்கும் வருமா?"

என் பாரத்தை இறக்கிவைக்க வந்தவன் அவள் தலையில் ஏற்றிவிட்டேன். இந்த ஜன்மத்துக்கு எனக்குப் புத்தி வராது என்று அப்போதே தெரிந்தது.

"இல்ல, இல்ல. இது எலிக்குச் சொன்னது. மனுஷங்களுக்கு எப்படின்னு தெரியாது," என்றேன்.

"தெரியாதா?"

"யாருக்குமே தெரியாது."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தூங்கிப்போன மகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இந்தத் தெரியாதுங்குற வார்த்தைய அன்னைக்குச் சொல்லியிருந்தீகன்னா, எங்காத்தா மெட்ராஸுக்குப் போயிருக்கும் மச்சான்."