சுவரில் நாலாவது பெயர்

எங்கள் ஊர் நினைவு மண்டபத்துச் சுவரில் நாலாவது பெயர் என்னுடையது. நான் சாகவில்லை.

சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். நான் அலுவலாக வன்னிக்குப் போன மறுநாள் அங்கே செல் குண்டு விழுந்து வெடித்தது. முகம் சிதைந்து அடையாளம் தெரியாத ஒரு உடலில், நான் கொடியில் காயப்போட்டுவிட்டுப் போன நீலச் சேட்டு இருந்தது. அப்பா சேட்டைப் பார்த்து மகன் என்று அழுது, கொள்ளி வைத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்துவிட்டார். பாதை பூட்டி, கடிதமும் போகாத காலம். ஏழு வருடம் கழித்து நான் வந்து படலையைத் திறந்தபோது மண்டபம் கட்டி, என் பெயரும் பொறித்து முடிந்திருந்தது.

"எடுக்கிறம் தம்பி, கல்லு வெடிச்சுப் போகாமல் எடுக்கவேணும்" என்று மண்டபத் தலைவர் இழுத்தடித்தார். வருடாவருடம் பெயர்களை வாசிப்பார்கள்; ஒவ்வொரு பெயருக்கும் வீட்டுக்காரர் எழும்பி விளக்கேற்றுவார்கள். என்னுடையதற்கு யார் எழும்புவது? தலைவரே ஏற்றிவிடுவார். ஒருமுறை என் பெயரை வாசித்ததும், பின்வரிசையில் இருந்த எனக்குப் பின்னால் யாரோ "ஓம்" என்றார்கள். திரும்பினால் வெறும் சுவர். வீட்டில் மூச்சுக் காட்டவில்லை. நான் திரும்பி வந்தபின் கட்டிய மனைவியோ மண்டபத்து வாசலே மிதியாதவள். "அந்தப் பேரை எடுக்குமட்டும் என்ரை தாலிக்குப் பயம்" என்று என்னைப் பிய்த்தெடுப்பாள்.

இந்த வருடம் புதுக் கல்லுக்குப் பட்டியல் எழுதினார்கள். "இவரின்ரை பேர் இல்லை, வந்து பாருங்கோ தங்கச்சி" என்று தலைவர் கூப்பிட, அவள் முதல் தடவையாக உள்ளே வந்தாள். விரல் வைத்து வாசித்தாள். பெருமூச்சு விட்டாள். பிறகு கேட்டாள்: "அப்ப அண்ணை, இவரின்ரை சேட்டோடை செத்த பெடியன்ரை பேர் எங்கை?"

தலைவர் என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பல ஊர்ச் சனம். அவனை யாருக்கும் தெரியாது. என் பெயருக்காக இத்தனை காலம் சண்டை பிடித்தவன், ஒரு நாளாவது அவன் யார் என்று கேட்டேனா? வெட்கமாயிருந்தது.

"பெயர் தெரியாதவர் எண்டு போடுவமோ?" என்றார் தலைவர்.

"அப்பிடிக் கூப்பிட்டா ஆர் வருவினம்? இவ்வளவு காலமும் இந்தப் பேருக்குத்தானே அவன் வந்தவன்" என்றாள். அவளுக்கு நான் அந்த "ஓம்" பற்றிச் சொன்னதேயில்லை.

என் பெயர் புதுக் கல்லிலும் ஏறியது. நினைவு நாளில் அதை வாசித்ததும் அவள் எழும்பினாள், நெற்றியில் குங்குமத்தோடு. சனம் அவளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தது. விளக்கை ஏற்றிவிட்டு, சுவரைப் பார்த்து, வீட்டுக்கு வந்தவரோடு கதைப்பதுபோலச் சொன்னாள்:

"தம்பி, உம்மடை ஆக்கள் தேடி வருமட்டும் இவரின்ரை பேரிலை இரும்."