பன்னிரண்டு பேர் போகும் காடு

பன்னிரண்டாம் வாய்ப்பாடு வருவதற்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அந்த எண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜவ்வாது மலையில் கடுக்காய் பொறுக்கப் போன இடத்தில் தெரிந்துகொண்டதுதான்.

எழுபதுகளின் கடைசி. மார்கழி மாதம். கலசப்பாக்கத்தில் அறுப்பு தொடங்க நாளிருந்தது. கூலி இல்லை, சந்தைக் கொட்டகையில் படுத்துக் கிடந்தேன். மலையிலிருந்து சாமை விற்க வந்த ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"சும்மாதான கீற? கடுக்காய் பொறுக்க வர்றியா? ஒரு ஆளு கொறையுது."

சோறு உண்டா என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் பின்னால் நடந்தேன். அவர்தான் அந்தக் கூட்டத்துக்கு மேஸ்திரி.

ஒரு ஆள் குறைகிறது என்று அவர் சொன்னதன் பொருள் மேலே போன பிறகு புரிந்தது. பதினோரு பேராக அவர்கள் காட்டுக்குள் போகமாட்டார்கள். பதின்மூன்று பேர் வந்து நின்றால் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கரடி திரியும் காடு அது. யாரும் தனியாக நிற்கக் கூடாது. மூட்டை தூக்க இரண்டிரண்டு பேர், மரம் உலுக்க மூன்று மூன்று பேர், சரிவில் பரவிப் பொறுக்க நான்கு நான்கு பேர். எப்படிப் பிரித்தாலும் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். சாப்பாட்டு வேளையில் நான் கடுக்காய்களைத் தரையில் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். பத்து மூன்றுக்கு அடங்கவில்லை. பதினொன்று எதற்குமே அடங்கவில்லை. வாழைப்பழத்தை டஜனாக விற்பதும், அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் வைத்ததும் இதனால்தான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். மாதமும் ராசியும் எதனால் பன்னிரண்டு என்று தெரியவில்லை. அதையும் யாரோ பங்கு போட நினைத்திருக்கலாம்.

ஆட்களை வாய்விட்டு எண்ணுவது அவர்களிடம் கிடையாது. கண் பட்டுவிடுமாம். மேஸ்திரி தன்னில் தொடங்கி, ஆளுக்கொரு கணுவாக, கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போவார். விரலுக்கு மூன்று கணு. கட்டைவிரல் சுண்டுவிரலின் கடைசிக் கணுவுக்கு வந்தால் எல்லோரும் வந்தாயிற்று.

ஒருநாள் பிற்பகலிலேயே பனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை. மேஸ்திரியின் ஜோடி அவருடைய தங்கை புருஷன். தங்கையும் எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருத்தி. "மூட்டையக் கட்டிக்கினு பின்னாலயே வா மச்சான்" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி இறங்கும் வழியில் இருந்த பாறையருகே போய் நின்றுகொண்டார். நாங்கள் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஜோடி ஜோடியாக அவரைக் கடந்தோம். கடைசியாக ஒருவர் தலையில் கோணியோடு தனியாக வந்தார். கட்டைவிரல் கடைசிக் கணுவைத் தொட்டது. இறங்கினோம்.

பாதி வழியில் ஒரு பாறை இடுக்கில் பானைகளை வைத்திருந்தோம். பானைக்கு மூன்று பேராக நான்கு பானையைச் சுற்றி உட்கார்ந்தோம். அங்கேயும் சரியாக இருந்தது. மேஸ்திரியின் தங்கை கஞ்சி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"கொஞ்சம் உப்பு இருக்குதுங்களா?" என்று ஒரு குரல் கேட்டது.

அவள் அகப்பையோடு நின்றுவிட்டாள். "யாருய்யா நீ?"

கேட்டவர் கோணியை விலக்கினார். புது முகம். "ஆலங்காயம் பக்கங்க. மாடு தேடி வந்தேன். பனியில வழி தெரியல. கரடி சத்தம் வேற கேட்டுச்சி. உங்க பின்னாலயே ஒட்டிக்கினு வந்துட்டேன்."

மேஸ்திரியின் கட்டைவிரல் மறுபடி கணுக்களில் ஓடியது.

"உன் வெரல்ல கணக்கு சரியாத்தான் கீது. என் புருசன் எங்கண்ணா?" என்றாள் தங்கை.

கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தோம். தேடப் போகிறவர்கள் பதினோரு பேராக இருந்திருந்தால் ஜோடி சேர்வதிலேயே நேரம் போயிருக்கும். மாட்டுக்காரர் நானும் வர்றேங்க என்று கூடவே எழுந்துவிட்டதால் மூன்று மூன்று பேராக நாலு பக்கமும் பிரிந்தோம். நான் தங்கையோடும் மாட்டுக்காரரோடும் போனேன். வழியெல்லாம் அவள் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். பதில் இல்லாதபோதெல்லாம் நடையை வேகமாக்கினாள்.

நாங்கள் கடைசியாக உலுக்கிய மரத்துக்கு அருகில் போனபோது மேலேயிருந்து குரல் வந்தது.

"மெதுவா வா. கரடி இப்பத்தான் போச்சி."

தங்கை புருஷன் கிளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூட்டை கட்டும்போது கரடி வந்திருக்கிறது. மரத்தில் ஏறிவிட்டார். அது கீழே கறையான் புற்றைக் கிளறிக்கொண்டே நின்றதால் நாங்கள் இறங்கிப் போவது காதில் விழுந்தும் கத்த முடியவில்லை.

"எல்லாரும் சாப்டீங்களா?" என்றார் மேலேயிருந்தே.

"உன் கஞ்சியத்தான் இவுரு குடிச்சிட்டாரு. எறங்கு" என்றாள். சிரிக்கத்தான் தொடங்கினாள். அவர் கால் தரையைத் தொட்டதும் அவருடைய தோளில் ஒரு அடி வைத்துவிட்டு அழுதாள். மாட்டுக்காரர், "ரெண்டு வாய்தாங்க குடிச்சேன்" என்று என்னிடம் முணுமுணுத்தார். எனக்கு நின்ற இடத்திலேயே உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

குரல் கொடுத்து எல்லோரையும் பாறையருகே சேர்த்தோம். இப்போது பதின்மூன்று பேர். மேஸ்திரி விரல் கணுக்களைத் தொடவே இல்லை. ஒவ்வொருவர் தலையிலிருந்த கோணியையும் விலக்கி முகத்தைப் பார்த்துப் பார்த்து அனுப்பினார். என் முகத்தையும் பார்த்தார். தங்கை புருஷன் முறை வந்தபோது விலக்கிய கோணியை விடாமல் நின்றார்.

"நான்தான் மச்சான். வுடு, குளுருது."