உள்ளங்கை வெல்லம்

பந்தயக் குதிரை ராணியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒருமுறை அதன் சிறுநீரைச் சோதித்ததில் வலி மருந்து தெரிந்தது, ஓட விடவில்லை. எனக்கு லாயத்துக்குப் புதிதாக வந்த குதிரை டாக்டர் மேல்தான் சந்தேகம். எந்நேரமும் ஊசிப் பையோடு திரிவார்.

"அவருதான் என்னமோ போட்டுகினு கீறாரு" என்று முதலாளியிடம் சொன்னேன். டாக்டரின் வேலை போனது.

சொல்லிக்கொண்டு போக வந்தவர், ராணி என் உள்ளங்கையில் வெல்லம் நக்குவதைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த என் தோள்வலிக் களிம்பை எடுத்துப் படித்தார்.

"அண்ணே, இதத் தேய்ச்சிட்டு கை கழுவுவீங்களா?"

"இன்னாத்துக்கு சார்?"

"சோதனையில வந்த மருந்து இதுதான்."

அன்றே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கூப்பிட்டும் டாக்டர் திரும்பி வரவில்லை.

இப்போது யார் மேலாவது சந்தேகம் வந்தால், முதலில் குழாயடிக்குப் போய்க் கை கழுவுகிறேன்.